மூடிய அரங்கமும் மூடாத குரலும்

புகழ்பெற்ற கலைஞர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் உச்சியில் நின்ற காலத்தையே விரித்துரைப்பது வழக்கம். அரங்கு நிறைந்த மக்கள் திரள், மன்னர் அளித்த மதிப்பு, நாளிதழ்களின் பாராட்டு ஆகியவை பக்கம் பக்கமாக இடம்பெறும். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளோ, 'வறுமையில் வாடினார், விடாது முயன்றார், வென்றார்' என்னும் மூன்று தொடர்களில் முடிந்துவிடும். இம்முறை பிழையானது என்பது எம் கருத்து. ஒருவர் எப்படி உருவானார், யார் கைகொடுத்தனர், யார் கதவடைத்தனர், அக்கதவடைப்பால் எத்தனை ஆண்டுகள் வீணாயின என்பனவெல்லாம் அந்தத் தொடக்க ஆண்டுகளிலேதான் பொதிந்து கிடக்கின்றன. மாணவர்களுக்கும் அவர்களை வளர்க்கும் பெரியோர்களுக்கும் பயன்படும் பகுதியும் அதுவே.

இக்கருத்தை விளக்க, நம் நாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு பாடகரின் இளமைக் காலத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் ரோலண்ட் ஹேய்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்து, ஐரோப்பியச் செவ்வியல் இசையில் உலகப் புகழ் எய்திய முதல் ஆண் பாடகர் எனத் தகுமவர். 1887இல் பிறந்து 1977இல் மறைந்த அவரது நெடிய வாழ்வில், 1924 வரையிலான பகுதியே இங்கு நம் ஆய்வுக்குரியது.

டெனர் என்னும் குரல்

மேலை இசையில் ஆடவர் குரலைப் பொதுவாக மூன்றாகப் பகுப்பர். தாழ்ந்த குரல் பாஸ், இடைப்பட்டது பாரிடோன், உயர்ந்தது டெனர். ஆப்பரா எனப்படும் இசை நாடகத்தில் காதலனும் வீரனும் பெரும்பாலும் டெனர் குரலிலேயே பாடுவர். ஆதலின் நல்ல டெனர் ஒருவர் தோன்றிவிட்டால் அரங்க உரிமையாளர்கள் அவரைத் தேடிச் செல்வதே அந்நாளைய நடைமுறை.

இத்தகைய பாடகர்களின் தொடக்கக் காலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இளமையில் ஓர் ஆசிரியரிடம் குரற்பயிற்சி. பின் சிறு நகர அரங்கில் முதல் வேடம். அடுத்துப் பெருநகர அரங்கம். அதன்பின் இசைக் கச்சேரிகளும் ஒலித்தட்டுகளும். நேப்பிள்ஸ் நகரில் எளிய குடும்பத்தில் 1873இல் பிறந்த என்ரிகோ கரூசோ, 1895இல் தம் 22ஆம் அகவையில் முதன்முறை ஆப்பரா மேடையேறினார். 1900இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கத்தை அடைந்தார். 1903 நவம்பரில், 30 வயதில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடினார். அயர்லாந்தின் ஜான் மெக்கார்மக் 1907இல் இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் தோன்றியபோது அவருக்கு வயது 23. இவ்விருவரும் செல்வச் செழிப்பில் பிறந்தவர் அல்லர். எனினும் ஏணியின் படிகள் அவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. படிகளே இல்லாத ஏணியில் ஏற நேர்ந்தவர் ஹேய்ஸ்.

வார்ப்படச்சாலைச் சிறுவன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கரிவில் என்னும் சிற்றூரில் ஹேய்ஸ் பிறந்தார். அவர் தாய் ஃபேனி, முன்னாளில் அடிமையாக இருந்தவர். அடிமைத்தளை சட்டப்படி அறுந்த பின்னரும், தாம் அடிமையாய் உழைத்த அதே பண்ணை நிலத்திலேயே அக்குடும்பம் பயிர் செய்து வாழ்ந்தது. ஹேய்ஸ் சிறுவனாய் இருக்கும்போதே தந்தை இறந்தார். கைம்பெண்ணான தாய், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அத்தாய் வகுத்த திட்டம் நம் கவனத்துக்கு உரியது. எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேரப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை. எனவே ஒருவன் வேலைக்குச் செல்லும்போது மற்றவன் படிக்க வேண்டும். பின்னர் முறை மாற வேண்டும். அதன்படி ஹேய்ஸ் சன்னல்களுக்கான இரும்பு எடைகளை வார்க்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒருமுறை இயந்திரப் பட்டையில் சிக்கி உயிர் பிழைத்ததே பெரிதாயிற்று. பள்ளிக்கல்வியோ ஐந்தாறு வகுப்புகளுக்கு மேல் செல்லவில்லை.

அவரது பாட்டு அப்போது தேவாலயக் குழுவில் பாடும் அளவிலேயே நின்றது. ஓபர்லின் கல்லூரியில் பயின்ற ஆர்தர் கல்ஹூன் என்னும் கறுப்பின இளைஞர் அக்குரலின் தகுதியை முதலில் உணர்ந்து பயிற்சி அளித்தார். அவர் வழியாகவே ஒரு வெள்ளையர் இல்லத்தில் கிராமபோன் கருவியில் கரூசோவின் குரலைக் கேட்கும் வாய்ப்பு ஹேய்ஸுக்குக் கிட்டியது. இரும்பாலையின் இரைச்சலில் வளர்ந்த செவி அன்றுதான் மனிதக் குரல் எட்டக்கூடிய உயரத்தை அறிந்தது. தாம் செல்ல வேண்டிய திசையை அந்த ஒலித்தட்டு அவருக்குக் காட்டியது எனலாம்.

பாடலால் எழுந்த கல்லூரி

1905இல், 18 வயதில், நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸ் சேர்ந்தார். அக்கல்வி நிலையத்தைப் பற்றி இங்குச் சில சொற்கள் கூறாமல் மேற்செல்ல இயலாது.

அடிமை நிலையிலிருந்து விடுபட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1866இல் நிறுவப்பட்டது ஃபிஸ்க். படைவீரர் தங்கியிருந்த பழைய கொட்டகைகளே அதன் முதல் வகுப்பறைகள். ஐந்தே ஆண்டுகளில் பொருள் வற்றி, இழுத்து மூடும் நிலை வந்தது. 1871இல் அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவ மாணவியரைத் திரட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடச் சென்றார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். பருத்திக் காட்டில் தம் முன்னோர் பாடிய 'ஸ்பிரிச்சுவல்' என்னும் பத்திப் பாடல்களை அவர்கள் மேடையில் பாடினர். 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் கல்லூரி பிழைத்தது. ஜூபிலி மண்டபம் என்னும் பெருங்கட்டடமும் எழுந்தது. மாணவர் பாடிக் காத்த கல்லூரி என்னும் சிறப்பு உலகில் வேறெந்தக் கல்வி நிலையத்துக்கும் எளிதில் வாய்க்காது.

அரசு கைகொடாத நிலையில், ஒரு சமுதாயம் தன் வயிற்றைக் கட்டித் தன் பிள்ளைகளுக்காக எழுப்பும் கல்லூரியின் அருமையை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐந்தாறு வகுப்பே படித்த ஆலைத் தொழிலாளியை வேறெந்தப் பல்கலைக்கழகமும் வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். ஃபிஸ்க் அவரை ஆயத்த வகுப்பில் சேர்த்துக்கொண்டது. வீட்டு வேலைகள் செய்து அவர் தம் செலவை ஈடுகட்டினார். இசை ஆசிரியை ஜென்னி ராபின்சன் அவர் குரலைச் செப்பம் செய்தார்.

ஆயினும் அங்கும் முழுநிறைவு கிட்டவில்லை. கல்லூரிக்கு வெளியே அவர் பாடியது குறித்து எழுந்த மனக்கசப்பால், சில ஆண்டுகளுக்குப்பின் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. லூயிவில் நகரின் மனமகிழ் மன்றம் ஒன்றில் உணவு பரிமாறும் பணியாளரானார். அவரை மீண்டும் அழைத்ததும் ஃபிஸ்க்தான். 1911இல் அதன் ஜூபிலி பாடகர் குழுவுடன் பாஸ்டன் நகரில் பாட வருமாறு அழைப்பு வந்தது. பின்னாளில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியதும் அதே பல்கலைக்கழகமே. ஒரு கல்லூரி தன் மாணவனைத் தவறாக மதிப்பிட்டுவிடலாம்; அம்மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளும் பெருந்தன்மையும் அதற்கு இருத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

பாஸ்டனில் எட்டு ஆண்டுகள்

பாஸ்டனுக்குப் பாடச் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆர்தர் ஹப்பர்ட் என்னும் புகழ்பெற்ற குரலிசை ஆசிரியர் அவரை மாணவராக ஏற்றார். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஹப்பர்டின் பயிற்சிக்கூடத்துக்கு வெள்ளை மாணவர்கள் வருவர். அவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆகவே ஹேய்ஸ் தம் இல்லத்துக்கு வந்து பயில வேண்டும் என்றார் ஆசிரியர். மாணவர் அதையும் ஏற்றார். கற்பிக்க மனமும் கூச்சமும் ஒருங்கே கொண்டிருந்த அந்த ஆசிரியரை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் காலத்தின் கோழைத்தனத்துக்கு அவரும் ஆட்பட்டவரே. ஆயினும் பிறர் கற்பிக்க மறுத்ததை அவர் கற்பித்தார். எட்டு ஆண்டுகள் கற்பித்தார். இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பதிவு செய்வதே நேர்மை.

வயிற்றுப்பாட்டுக்காக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் ஏவலராக ஹேய்ஸ் பணியாற்றினார். தாயைத் தம்மிடம் அழைத்துவந்து சிறு வீட்டில் குடியமர்த்தினார். பகலில் அலுவலகம், மாலையில் குரற்பயிற்சி, இரவில் இத்தாலியம், செருமன், பிரெஞ்சு மொழிகள். செவ்வியல் பாடகருக்கு மொழிப்பயிற்சி இன்றியமையாதது. ஷூபர்ட்டின் பாடலைப் பாடுவோர் செருமன் உயிரெழுத்தின் நீளத்தைக்கூடப் பிழையின்றி ஒலிக்க வேண்டும். ஹேய்ஸின் குரல் அரங்கை அதிரவைக்கும் பெருங்குரல் அன்று. மென்மையும் தெளிவும் உடையது. அத்தகைய குரலுக்குச் சொல்லின் தூய்மையே வலிமை. அவரது பிற்கால வெற்றிக்குக் கருவியாய் அமைந்தது அந்த இரவுப் படிப்பே என்பது எம் துணிபு.

இக்காலத்தில் கச்சேரி ஏற்பாட்டாளர்கள் எவரும் அவரை ஏற்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் செவ்வியல் இசைக் கச்சேரியால் வாழ்வு நடத்த இயலாது என்பதே அவர்களின் தீர்ப்பு. ஆதலின் தமக்குத் தாமே ஏற்பாட்டாளர் ஆனார். மூவர் குழுவொன்றை அமைத்துக்கொண்டு கறுப்பினத் தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் பாடினார். பயணச்சீட்டு வாங்குவது முதல் விளம்பரத்தாள் அச்சிடுவது வரை அனைத்தும் அவர் பொறுப்பு. ஒலித்தட்டு நிறுவனங்கள் அழைக்காததால், 1917-18இல் தம் சொந்தப் பணத்தைச் செலுத்திக் கொலம்பியா நிறுவனத்தில் சில பாடல்களைப் பதிவு செய்து தாமே விற்கவும் முற்பட்டார்.

ஒரு நவம்பர் மாலை

1917 நவம்பர் 15ஆம் நாள் அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பாஸ்டனின் பெருமை மிக்க சிம்ஃபனி ஹால் அரங்கத்தை அவர் தம் பொறுப்பிலேயே வாடகைக்கு அமர்த்தினார். பல்லாண்டுச் சேமிப்பை ஒரே மாலைக்காகப் பணயம் வைத்தார். பெயர்ப்பட்டியல்களைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி நுழைவுச்சீட்டு விற்றார். அரங்கு நிறைந்தது.

இங்கே ஓர் ஒப்புமையைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. கரூசோ நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் முதன்முதலாகப் பாடியதும் ஒரு நவம்பர் மாதத்தில்தான். அப்போது அவருக்கும் வயது 30. ஹேய்ஸுக்கும் 1917 நவம்பரில் வயது 30. ஒருவரை உலகின் பெருஞ்செல்வ அரங்கம் விரும்பி அழைத்து வேடம் தந்தது. மற்றவர் கடிதங்களைச் சுமந்து சேர்த்த காசைக் கொண்டு தமக்கென ஓர் அரங்கை ஒரு மாலைக்கு விலைக்கு வாங்கினார். இருவர் குரலும் ஒரே தன்மையின என்று நாம் கூறவில்லை. இருவருக்கும் கிடைத்த வாய்ப்பின் அளவைத்தான் சுட்டுகிறோம்.

அரங்கு நிறைந்த பின்னும் ஏற்பாட்டாளர்கள் வரவில்லை என்பதுதான் வேதனைக்குரியது. திறமை மெய்ப்பிக்கப்பட்டால் வாய்ப்புத் தானே வந்துசேரும் என்று நம்புவோர் இந்நிகழ்வை நினைவிற் கொள்வாராக.

கடல் கடந்த குரல்

1920 வசந்த காலத்தில் பியானோ கலைஞர் லாரன்ஸ் பிரவுனுடன் ஹேய்ஸ் இலண்டன் சென்றார். மே மாத இறுதியில் ஏயோலியன் ஹாலில் முதல் கச்சேரி நிகழ்ந்தது. முதிய இசையறிஞர் ஜார்ஜ் ஹென்ஷலிடமும், நடிகர் ஐரா ஆல்ட்ரிஜின் மகளான அமாண்டா ஆல்ட்ரிஜிடமும் பயின்றார். அமாண்டாவின் தந்தை, அமெரிக்காவில் வாய்ப்பின்றி ஐரோப்பாவுக்கு வந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புகழ்பெற்ற கறுப்பின நடிகர். ஒரு தலைமுறை முன்னர் அதே வழியில் நடந்தவரின் மகள் இவருக்கு ஆசிரியையாய் அமைந்தது பொருத்தமே.

இலண்டனில் கைப்பொருள் கரைந்தது, உடல்நலமும் கெட்டது. 1921 ஏப்ரல் 21இல் விக்மோர் ஹாலில் நுரையீரல் நோயின் தளர்ச்சியோடே அவர் பாடினார். இரண்டு நாள் கழித்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் கேட்க விரும்புவதாக அரண்மனையிலிருந்து அழைப்பு வந்து அங்கும் பாடினார். செய்தியறிந்த தாய், தான் யார் என்பதை மகன் மறந்துவிடலாகாது என்னும் பொருளில் தந்தி அனுப்பியதாக அவர் வரலாறு கூறுகிறது. பெருமிதத்தையும் எச்சரிக்கையையும் ஒரு வரியில் அடக்கிய அத்தாய், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர்.

பின்னர்ப் பாரிசும் வியன்னாவும் அவரை வரவேற்றன. இக்கட்டத்தில் அவரது நிகழ்ச்சி நிரலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலில் பழைய இத்தாலிய, ஆங்கிலப் பாடல்கள், அடுத்துச் செருமன் மொழிப் பாடல்கள், பின் பிரெஞ்சு, இறுதியில் தம் முன்னோரின் பத்திப் பாடல்கள். தொடக்கத்தில் பிறரைப் போலப் பாட முயன்றவர், தம் குரலுக்கெனத் தனி நிறம் உண்டென்பதைப் படிப்படியாக உணர்ந்தார். அடிமைகளின் பாடலை ஷூபர்ட்டின் அருகில், அதே மேடையில், அதே ஒழுங்குடன் நிறுத்தினார். பிறர் மரபை அவர்களினும் தெளிவாகக் கற்றவர் தம் மரபைத் தலைநிமிர்ந்து பாடும்போது, அதைத் தாழ்ந்தது எனச் சொல்ல எவருக்கும் நாவெழாது. ஹேய்ஸின் கலையில் நாம் மிகவும் மதிப்பது இதனையே.

1923 நவம்பரில் தாயகம் திரும்பிய அவர், பியேர் மோந்தோ தலைமையில் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவுடன் பாடினார். மொசார்ட், பெர்லியோஸ் ஆகியோரின் இசையோடு தம் மக்கள் பாடல்களும் அதில் இடம்பெற்றன. ஆறாண்டுகளுக்கு முன் வாடகை செலுத்தி நின்ற அதே அரங்கில் இப்போது அழைக்கப்பட்ட கலைஞராக நின்றார். அப்போது அவருக்கு வயது 36. அந்த ஆண்டிலேயே அவர் தாய் காலமானார்.

பெர்லினில் ஓர் அமைதி

1924இல் பெர்லின் நகரில் நிகழ்ந்தது தனியே கூறத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின் ரைன் பகுதியில் பிரான்சு நிறுத்திய ஆப்பிரிக்கப் படையினர்மீது செருமானியர் கொண்டிருந்த சினம், கறுப்பினத்தவர் அனைவர்மீதும் வெறுப்பாகப் படர்ந்திருந்த காலம் அது. ஹேய்ஸ் செருமன் பாடல்களைப் பாடுவது தம் கவிஞர்களுக்கு இழுக்கு என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவர் மேடையில் தோன்றியதும் அரங்கில் சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. அவர் பியானோவின் அருகில் அசையாது நின்றார். நேரம் கடந்தது. கூச்சலிட்டோர் தாமே களைத்து ஓய்ந்தனர். அந்த அமைதியில், அமைதியையே பொருளாகக் கொண்ட ஷூபர்ட்டின் மென்பாடல் ஒன்றை மிகத் தாழ்ந்த ஒலியில் தொடங்கினார். பாடல் முடிந்தபோது பகைத்தவர்களே கையொலி எழுப்பினர்.

இந்நிகழ்வைப் பலரும் பொறுமையின் வெற்றி என்றே கூறுவர். நாம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அது பயிற்சியின் வெற்றி எனக் கருதுகிறோம். சினந்து நிற்கும் கூட்டத்தின் முன் மூச்சைக் கட்டுப்படுத்தி மெல்லிய ஒலியில் பாடுவது உரத்துப் பாடுவதினும் கடினம். ஓர் உயிரெழுத்துப் பிழைத்திருந்தாலும் ஏளனம் மீண்டும் எழுந்திருக்கும். பாஸ்டனில் இரவுகள்தோறும் செருமன் மொழியோடு போராடிய உழைப்பே அன்று அவருக்கு அரணாய் நின்றது.

தடை நன்மையா?

இத்தகைய வரலாறுகளைச் சொல்லும்போது ஓர் ஆபத்து உண்டு. "பார்த்தீர்களா, தடைகள் அவரைத் தடுக்கவில்லை, ஆகவே தடைகள் நல்லனவே, திறமையுள்ளவன் எப்படியும் வெல்வான்" என்று சிலர் முடிவு கட்டிவிடுவர். அநீதி செய்வோருக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறில்லை. இதனை நாம் முற்றாக மறுக்கிறோம்.

ஹேய்ஸ் எதை இழந்தார் என்பதைக் கணக்கிட வேண்டும். ஆப்பரா மேடையை அவர் முழுமையாக இழந்தார். கச்சேரியில் ஆப்பராவின் தனிப்பாடல்களைப் பாட முடிந்தது. வேடம் புனைந்து, பிற பாடகர்களோடு இணைந்து, ஒரு கதை மாந்தராக அரங்கில் வாழ்ந்து பாடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1883இல் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் ஆப்பரா தன் மேடையில் ஒரு கறுப்பினப் பாடகருக்கு முதன்மைப் பாத்திரம் தர 72 ஆண்டுகள் ஆயின. 1955 சனவரியில் மரியான் ஆண்டர்சன் வெர்டியின் ஆப்பராவில் தோன்றியபோது ஹேய்ஸுக்கு வயது 67. கறுப்பின டெனர் ஒருவர், ஜார்ஜ் ஷர்லி, அங்கு முதன்மை வேடங்களில் பாடத் தொடங்கிய 1961இல் அவருக்கு வயது 74. குரலுக்கும் காலம் உண்டு. தோட்டத்து மலர் காத்திருக்குமே தவிர வாடாதிருக்காது.

புகழும் அவரை முழுதாகக் காக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 டாலர் ஈட்டியவர். தாய் அடிமையாய் உழைத்த நிலம் உட்பட 600 ஏக்கர் பண்ணையை 1926இல் விலைக்கு வாங்கியவர். அத்தகையவரை 1942இல் ஜார்ஜியாவின் ரோம் நகரில் காவலர்கள் அடித்துச் சிறையிலிட்டனர். காலணிக் கடையில் வெள்ளையருக்கான இருக்கையில் அவர் மனைவியும் மகளும் அமர்ந்ததால் எழுந்த தகராறே காரணம்.

எனவே ஹேய்ஸின் வெற்றி, தடையின் நியாயத்துக்குச் சான்றாகாது. அவ்வெற்றி ஒருவரின் மாண்பைக் காட்டுகிறது. தடையோ, அவரைப் போலவே குரல் வாய்த்தும் பெயர் தெரியாமல் வார்ப்படச்சாலையிலேயே மடிந்தோரைப் பற்றிப் பேசாமல் மறைக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று எந்த வரலாற்று நூலும் எண்ணியதில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

மாணவர்களுக்கு முதலில் ஒன்று கூறுவோம். ஹேய்ஸ் 18 வயதில் ஆயத்த வகுப்பில் சேர்ந்தார். 30 வயதில் தம் நகரத்தில் அறியப்பட்டார். 36 வயதில் உலகம் அறிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றைக்கூட அவர் காத்திருப்பில் கழிக்கவில்லை. வாய்ப்பு வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், வாய்ப்பு வந்த நாளில் வெறுங்கையோடு நின்றிருப்பார். கதவு திறப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். திறக்கும் நாளில் ஆயத்தமாய் இருப்பது நம் கையில் உள்ளது. பிற மொழிகளைக் கற்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணுக. தாய்மொழிப் பற்று பிறமொழிப் புலமையால் குறையாது. ஹேய்ஸுக்கு அது வளர்ந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹேய்ஸின் வரலாற்றில் கல்ஹூன், ராபின்சன், ஹப்பர்ட், ஹென்ஷல், ஆல்ட்ரிஜ் என ஐந்து ஆசிரியர்களின் பெயர்களைக் கண்டோம். அவர்களுள் முதல்வரான கல்ஹூன், மாணவரின் தகுதியைக் கண்டு சொன்னதாலேயே மற்ற நால்வரும் அவருக்கு வாய்த்தனர். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு திறன் நம் வகுப்பறையின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். அதற்குப் பெயரிட்டுச் சொல்வது ஆசிரியரின் கடமை. சொல்லாது விட்டால் அம்மாணவனே அதனை அறியாமல் போகலாம்.

சமுதாயப் பெரியோர்களிடம் சற்று உரிமையோடு பேச விழைகிறோம். மருத்துவமும் பொறியியலும் பயில்வோருக்கு உதவித்தொகை வழங்க நம்மிடையே நல்லுள்ளங்கள் பல உள. அவர்தம் கொடையால் எழுந்த குடும்பங்கள் எண்ணற்றவை, அக்கொடை பெருகுக. ஆனால் மொழியிலும், இலக்கியத்திலும், ஓவியத்திலும், பேச்சிலும், ஆய்விலும் ஆற்றல் உடைய பிள்ளையை, 'இதனால் சோறு கிடைக்குமா?' என்ற ஒரே வினாவால் நாம் திருப்பி அனுப்பிவிடுகிறோம். வினா தவறானதன்று, வறுமையை அறிந்தோர் கேட்கும் வினா அது. எனினும் சோற்றுக்கான வழியையும் ஆற்றலுக்கான வழியையும் ஒருசேர வகுத்துக்கொடுத்தார் சாட்டனூகாவின் ஒரு கைம்பெண். ஒருவன் உழைக்கட்டும், ஒருவன் படிக்கட்டும் என்று அவர் முறைவகுத்தது வறுமையிலும் சாத்தியமாயிற்று. வசதியுள்ள அமைப்புகள் முனைந்தால் எத்துணை ஆகும்! பட்டப்படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரையுள்ள இரண்டு மூன்று ஆண்டுகளே பல திறன்கள் மடியும் காலம். அந்த இடைவெளிக்குக் கைகொடுக்கும் நல்கை ஒன்று நம் கல்லூரிகள்தோறும் ஏற்படுத்தப்பட வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

இறுதியாக, ஏறியவர் ஏணியை இழுத்துக்கொள்ளலாகாது. பிலடெல்பியாவின் கறுப்பினத் தேவாலய விழாக்களில் பாடச் சென்ற ஹேய்ஸ், அங்கே பாடிய ஓர் ஏழைச் சிறுமியின் குரலைக் கேட்டு, முறையாகப் பயிலுமாறு ஊக்கப்படுத்தினார். அச்சிறுமியே பின்னாளில் மெட்ரோபாலிட்டனின் மூடிய கதவைத் திறந்த மரியான் ஆண்டர்சன். தாம் நுழைய முடியாத அரங்கினுள் தம் ஊக்கத்தால் வளர்ந்தவர் நுழைவதைக் காணும் வரை ஹேய்ஸ் வாழ்ந்திருந்தார். தமக்குக் கிடைக்காதது பிறருக்குக் கிடைக்கப் பாடுபடுவோரே ஒரு சமுதாயத்தை முன்னெடுத்துச் செல்வர். அத்தகையோர் நம் கல்லூரிகளிலிருந்து பலராகத் தோன்றுக.